சித்திரையில் தொடங்கும் குளிர்காலம்

மேசைமேல் ஒரு சின்ன சிவப்பு ஜாக்கெட் கிடக்கிறது. கழுத்துப் பட்டியில் சைஸ் 110. இன்னும் தண்ணீர் படாத துணி. மூக்கருகே கொண்டுபோனால் இஸ்திரி ஆவியும் புதுப் பஞ்சும் கலந்த அந்த வாசனை. எந்த வாசனை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பாவின் சட்டையில் இருந்தது, உன் துப்பட்டாவில் இருந்தது, ரயிலில் நாம் வழக்கமாக உட்காரும் மூலையில்கூட இருந்தது.

கீழே எங்கள் நிட்டிங் மிஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நூல் இன்னும் வரவில்லை என்று அப்பா யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருக்கிறார். நல்லூரில் எதுவும் மாறவில்லை. இந்த ஜாக்கெட் யாருக்கு என்று நீ கேட்பாய். சொல்கிறேன், ஆனால் இப்போது சொல்ல மாட்டேன். முதலிலேயே சொன்னால் மீதியை நீ கேட்க மாட்டாய். பாதிக் கதையில் எழுந்து ரயில் கதவோரம் போய் நின்றுகொண்டு வானத்தைப் பார்ப்பது உன் வழக்கம். உன்னை உட்காரவைத்துக் கதை சொல்ல எனக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. பேசாமல் கேள்.

உன்னை நான் முதலில் பார்த்தது காலை பாசஞ்சரில். ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாய். கழுத்தில் சின்னச் சிலுவை இருந்ததால் ஜெபம் சொல்கிறாய் என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் இறங்கி, ஒரே பஸ் ஏறி, பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பறைக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது, நீ முணுமுணுத்தது ஜெர்மன் வினைச்சொற்கள் என்று. பிரெஞ்சும் ஜெர்மனும், அந்த இரண்டு நாடுகளின் பண்பாடும் சேர்ந்த படிப்பு. வகுப்பில் திருப்பூர்க்காரர்கள் நாம் இருவர்தான்.

நான் அங்கே வந்த காரணம் உனக்குத் தெரியும். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தால் வீட்டிலேயே பேச ஓர் ஆள் இருக்கட்டும் என்று அப்பா கணக்குப் போட்டார். "ரெண்டு பாசை எதுக்குங் கண்ணு, ஒண்ணு பத்தாதா?" என்று கேட்டவரிடம், "ரெண்டு நாட்டுக்காரனும் ஆர்டர் தர்றானுங்கப்பா, ஒருத்தன்கிட்ட மட்டும் பேசுனா இன்னொருத்தன் கோவிச்சுக்குவான்" என்றேன். அப்பாவுக்கு அந்த நியாயம் உடனே பிடித்துப்போயிற்று. சிவன்மலை முருகனுக்கு ஒரு தேங்காய் உடைத்து என்னைச் சேர்த்துவிட்டார்.

உன்னிடம் அதே கேள்வியைக் கேட்டேன். ரயில் வஞ்சிபாளையம் தாண்டிக்கொண்டிருந்தது. நீ சொன்னாய்: "எங்கப்பா செய்யுத குளிர் எங்க போகுதுன்னு பாக்கணும்ட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நீ சிரிக்கவில்லை. உன் அப்பா அருள்புரத்தில் ரைசிங் மிஷின் ஓட்டுபவர். துணியின் உள்பக்கத்தைச் சீவிச் சீவிப் பஞ்சாக்கும் மிஷின். திருநெல்வேலிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்து, ஒரு நாளும் குளிரைக் காணாத மனிதர், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் நின்று யாரோ ஒருவருடைய குளிர்காலத்தைச் செய்துகொண்டிருந்தார். தலையிலும் கண்புருவத்திலும் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைத்தான் பனி என்று நினைத்தாயாம்.

நிஜப் பனியைப் பார்க்க வேண்டும். அப்பா சீவிய துணியை ஒரு குழந்தையின் மேல் பார்க்க வேண்டும். உனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான். இதற்காக இரண்டு ஐரோப்பிய மொழிகளைப் படிக்கிற ஒருத்தியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் உன் அம்மா செக்கிங் பார்க்கும் கம்பெனியில் பேக்கிங்குக்கு ஆள் வேண்டும் என்றார்கள். வேடிக்கை பார்க்க நானும் உன்னோடு வந்துவிட்டேன். உனக்கு நினைவிருக்குமே, அந்தச் சிவப்பு ஜாக்கெட். நெஞ்சில் பறக்கிற ஒரு வெள்ளைப் பறவை. துணி உன் அப்பாவின் மிஷினில் ஓடியது. ஒரே ஜாக்கெட்தான், ஆனால் ஜெர்மனிக்குப் போகிற பெட்டிக்கு 104 சென்டிமீட்டர் உயரம் என்று சீட்டு, பிரான்ஸுக்குப் போகிற பெட்டிக்கு நாலு வயது என்று சீட்டு. நீ ஒரு ஜாக்கெட்டை இந்தக் கையிலும் ஒன்றை அந்தக் கையிலும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாய். சூப்பர்வைசர் ஏதோ கேட்கிறார், உன் காதில் விழவில்லை.

"ஏட்டி, இவ்வோ பிள்ளைய நிக்க வெச்சு அளக்காவ. அவ்வோ பிறந்த நாளக் கேட்டுக்கிட்டுத் தைக்காவ."

அன்றைக்கே நம் கற்பனையில் இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். ஜெர்மன் பெட்டிக்குள் போனவள் லேனா. பிரெஞ்சுப் பெட்டிக்குள் போனவள் க்ளேர். உன் அம்மா பிரிண்ட் சரியில்லாத ஜாக்கெட்டுகளை ஒதுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அலகு மட்டும் சாயம் இழுவி, பறவை மீசை வைத்ததுபோல இருக்கும். அவை மூலையில் குவிந்தன. லேனாவுக்கும் க்ளேருக்கும் அப்படிப்பட்டதைப் போடலாமா? நாம் அந்தக் குவியலைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அப்புறம் ரயிலெல்லாம் அவர்கள்தான். சோமனூர் வரை ஜெர்மனில் லேனா கதை. சூலூர் ரோடு தாண்டினால் பிரெஞ்சில் க்ளேர் கதை. லேனா மிட்டாயைத் தரையில் போட மாட்டாள், ஆனால் கோபம் வந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். க்ளேர் பொய் சொல்வாள், பொய்யை அழகாகச் சொல்வாள். அவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள், மழை வந்தால் யாரைத் திட்டுவார்கள் என்று தெரிந்துகொள்வதற்காகவே நாம் நூலகத்தில் கிடந்தோம். பாடம் தானாக ஏறியது. எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஏனுங் கண்ணு, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டது. "அருள்புரங்கக்கா" என்றாய் நீ, எங்கள் ஊர்ப் பேச்சில், அத்தனை பவ்யமாக. அந்த அக்கா நம்பவில்லை.

அடுத்த ஆண்டு லேனாவுக்கு 110, க்ளேருக்கு ஐந்து வயது. சீசனுக்கு சீசன் சைஸ் ஏற்றிவிடுவாய். மறக்கவே மாட்டாய்.

பண்பாட்டு வகுப்பில் ஒருமுறை இரண்டு நாடுகளுக்கும் உள்ள வேறுபாட்டை எழுதி வரச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் புரட்சி, போர், தத்துவம், ரொட்டி என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போனோம். நீ குழந்தைகளின் சட்டை அளவை எழுதியிருந்தாய். ஒரு நாடு குழந்தை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறது, இன்னொரு நாடு அது எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறது என்று பார்க்கிறது, இரண்டையும் தைப்பது எங்கள் தெரு என்று. பேராசிரியை அதை வாசித்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, நிறையப் பெருமையாகவும் இருந்தது. நான் ரொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன்.

அதன்பின் வந்தது அந்த நேர்முகத் தேர்வு. ஓர் ஆற்றின் இரு கரையிலும் இரண்டு நாடுகள். இந்தக் கரையில் ஜெர்மன், அந்தக் கரையில் பிரெஞ்சு, நடுவில் ஒரு பாலம். இரண்டு கரையிலும் மாறி மாறி ஓராண்டு படிக்கலாம். நம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே ஒருவருக்கு இடம். என்னை அப்பா அனுப்ப மாட்டார் என்பது எனக்குத் தெரியும், நான் விண்ணப்பிக்கவே இல்லை. உனக்குத் துணையாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

நீ வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"போச்சுட்டி."

"என்னாச்சு புள்ள?"

குளிர்காலம் எப்போது தொடங்குகிறது, அதற்கு எப்படித் தயாராவாய் என்று தேர்வுக்குழுவில் இருந்த ஜெர்மன் அம்மையார் கேட்டிருக்கிறார். மிகச் சாதாரணக் கேள்வி. சின்ன வகுப்புப் பிள்ளையும் பதில் சொல்லும். நீ ஒரு நொடியும் யோசிக்காமல், குளிர்காலம் சித்திரையில் தொடங்கி ஆடியில் முடிந்துவிடும் என்று சுத்தமான ஜெர்மனில் சொல்லியிருக்கிறாய். ஏப்ரல், ஜூலை என்று மாதப் பெயரோடு. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர், நீ பூமியின் தென்பாதியைச் சொல்கிறாயா என்று கேட்டார். அப்போதுதான் உனக்கு உறைத்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாய்.

உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். திருப்பூர்க்காரி மட்டும்தான் செய்வாள். நம் ஊரில் சித்திரையில் துணி சீவினால் குளிர்காலம். ஆடியில் பெட்டி கப்பலேறினால் குளிர் முடிந்தது. மார்கழியில் நாம் கைக்குட்டை அளவு கோடைச் சட்டைகளைத் தைத்துக்கொண்டிருப்போம். பிறந்ததிலிருந்து நீ பார்த்த குளிர்காலம் அது ஒன்றுதான்.

நீ வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதாய். எனக்கு வந்ததோ கோபம். உன்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை.

"அழுவறத நிறுத்து புள்ள. நீ சொன்னதுல என்ன பொய்யி? உள்ள போயி உங்கப்பா புருவத்தப் பத்திச் சொல்லிப்போட்டு வா."

"திரும்ப எப்படிட்டி போவ? கூப்பிடலையே."

"கதவு தட்டறதுக்குக் கையி இருக்குதல்ல?"

உன்னை நான் தள்ளித்தான் விட்டேன். கதவிடுக்கு வழியாக உன் குரல் கேட்டது. முதலில் நடுங்கியது, பிறகு ஓடத் தொடங்கியது, நம் ரயில் இருகூர் தாண்டியதும் வேகம் பிடிக்குமே அப்படி. தகரக் கூரை, வெயில், பஞ்சு, அப்பா, சிவப்பு ஜாக்கெட், 104, நாலு வயது. நடுவில் ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்குத் தாவினாய். நீ அதைக் கவனித்திருக்கக்கூட மாட்டாய். உள்ளே யாரும் குறுக்கிடவில்லை. கடைசியில் அந்த அம்மையார் ஏதோ கேட்டார், நீ சிரித்தாய். என்ன கேட்டார் என்று பிறகு சொன்னாய்: அந்தப் பறவைக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? பறவைக்கு நாம் பெயர் வைக்க மறந்திருந்தோம்.

உனக்குத்தான் இடம் கிடைத்தது.

அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தன. உங்கள் வீட்டில் போன் இல்லாததால், கோயில் முடிந்து உன் அம்மாவும் அப்பாவும் பஸ் ஏறி நல்லூர் வந்துவிடுவார்கள். என் அம்மா இட்லி வைப்பார். மணி அடித்தால் முதலில் எடுப்பது என் அப்பாதான். "கண்ணு, உங்க ஜெர்மனிப் புள்ளைங்!" என்று தெருவே கேட்கக் கத்துவார். நீ ஒரு ஞாயிறு ஆற்றின் இந்தக் கரையிலும், அடுத்த ஞாயிறு அந்தக் கரையிலும் இருப்பாய். அது அவருக்குப் புரியவே இல்லை.

முதல் பனி விழுந்த ஞாயிறு, ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்டோம்.

"அப்பா, பஞ்சு மாரியே பறக்குதுப்பா. மரத்துல, கூரையில, எல்லாத்துலயும்."

உன் அப்பா போனுக்கு வெகு அருகில் குனிந்து, "மூக்கப் பொத்திக்கோ தாயி. இருமல் வந்துரும்" என்றார்.

"இதுக்கு இருமல் வராதுப்பா."

சற்று நேரம் கழித்து அவருக்குத்தான் இருமல் வந்தது. உன் அம்மா தண்ணீர் கொடுத்தார்.

பனியைப் பார்த்துவிட்டாய். ஜாக்கெட் மட்டும் அகப்படவில்லை. பள்ளிக்கூட வாசலில், பூங்காவில், பாலத்தின்மேல் என்று ஓராண்டு முழுவதும் குழந்தைகளின் நெஞ்சையும் கழுத்துப் பட்டியையும் பார்த்துக்கொண்டே அலைந்தாய். ஒரு தாய் உன்னைச் சந்தேகமாகப் பார்த்துக் குழந்தையை மறுபக்கம் இழுத்துக்கொண்டாளாம். "சிவப்பு சிவப்பா எத்தனையோ வருதுட்டி. பறவைதான் வரமாட்டேங்கு" என்றாய். பாலத்தில் போகிற குழந்தைகளைப் பார்த்து, பாதிப் பாலம் வரை உயரமும் அதன்பிறகு வயதும் மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாயாம். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் அந்தப் பாலம் எனக்கும் தெரியும். அதன்மேல் இன்றுவரை நான் நடந்ததில்லை. ஆனால் கைப்பிடிக் கம்பி எவ்வளவு சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்ததும் வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் பையர்களுக்கு மெயில் எழுதும் வேலையில் சேர்ந்தாய். நான் எங்கள் யூனிட்டில். மாலையில் டீ குடிக்கச் சந்திக்கும்போதும் லேனாவும் க்ளேரும் கூடவே இருந்தார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். க்ளேர் பொய் சொல்வதை நிறுத்திவிட்டாள், எனக்கு அதில் வருத்தம்.

மஞ்சள் காமாலை என்றுதான் தொடங்கியது. ஊரில் யாருக்குத்தான் வரவில்லை, கீழாநெல்லி கொடுத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னோம். ஈரல் இப்படிக் கைவிடும் என்று யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் மத்தியான வெளிச்சத்தில் நீ கண்ணை மூடியபடியே பேசினாய்.

"லேனாவுக்கு இப்ப 128 இருக்கும்லாட்டி."

"இருக்கும் புள்ள. நீ பேசாம படு."

"அந்தச் சிவப்பு அவளுக்குச் சேராது. யாருக்காவது குடுத்திருப்பா. பிள்ளையோ சட்டை அப்படித்தான், ஒருத்தர்ட்டருந்து ஒருத்தருக்குப் போயிக்கிட்டே இருக்கும்." பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "நீ எங்கயாச்சும் பாத்தா சொல்லு, என்ன."

சொல்கிறேன் என்றேன். யாரிடம் சொல்ல?

உன் அப்பா மில்லிலிருந்து நேராக ஓடி வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் நின்றபோதும் அவர் புருவத்தில் பஞ்சு இருந்தது. யாரும் துடைக்கச் சொல்லவில்லை. நான் உனக்காக அழுததைவிட அந்தப் புருவத்தைப் பார்த்துத்தான் அதிகம் அழுதேன். அதன்பிறகு லேனாவையும் க்ளேரையும் பற்றி நான் யோசிக்கவில்லை. சைஸ் ஏற்றுவதற்கு ஆளில்லை.

இப்போது சொல்கிறேன்.

போன வாரம் காலையில் பால் வாங்கப் போனேன். மார்கழிப் பனி மூட்டம், எதிரே வருபவர் முகம் தெரியாது. பால் பூத்துக்குப் பக்கத்துக் காம்பவுண்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன, எல்லோரும் தையலுக்குப் போகிறவர்கள். அங்கே படியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வெளுத்துப்போன சிவப்பு ஜாக்கெட். முழங்கையில் தையல் போட்டது. நெஞ்சில் வெள்ளைப் பறவை. அலகில் மீசை.

என் கையிலிருந்த தூக்குப் போசி சாய்ந்து பால் கொட்டியதுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எண் பாதி அழிந்திருந்தது. 104.

நாம் மூலையில் ஒதுக்கி, திரும்பிப் பார்க்காமல் வந்த குவியலிலிருந்து கிளம்பியது. எந்தக் கடையில் விழுந்து, எத்தனை குழந்தைகளின் தோளில் ஏறி இறங்கி வந்ததோ. நீ பாலத்தின்மேல் நின்று தேடிக்கொண்டிருந்த அந்தக் குளிரிலும் இது இங்கேதான், நம் தெருக்களிலேயே, ஏதோ ஒரு குழந்தையைப் போர்த்திக்கொண்டிருந்திருக்கும். உன் அப்பா செய்த குளிர்காலம் எங்கே போகிறது என்று பார்க்க நீ அவ்வளவு தூரம் போனாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

அந்தப் பெண்ணின் தாய் பயந்துபோய் வெளியே வந்தாள். பாலத்தில் உன்னைப் பார்த்த தாயும் இப்படித்தான் பார்த்திருப்பாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. எனக்கோ பிரெஞ்சு தெரியும், ஜெர்மன் தெரியும், இரண்டு தெரு தள்ளி இருப்பவளிடம் பேச ஒடியாவும் தெரியாது, அவர்களுக்குப் பழகிய இந்தியும் தெரியாது. பாப்பாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். புரியவில்லை. பாப்பாவைக் காட்டி, கையை விரித்து மறுபடி கேட்டேன்.

அவள் முதலில் தன் இடுப்புக்கு நேராகக் கையைப் படுக்கவைத்து, இவ்வளவு உயரம் என்று காட்டினாள். நான் கேட்டது அதுவா என்று சந்தேகம் வந்ததும் அதே கையை நிமிர்த்தி, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

இரண்டு விதமாகவும் சொல்லிவிட்டாளடி. லேனாவின் கணக்கும் சொன்னாள், க்ளேரின் கணக்கும் சொன்னாள்.

பாப்பா பெயர் பூஜா. ஜாக்கெட்டின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, அவளுக்கு இனி அந்த ஜாக்கெட் பற்றாது. நேற்று தேடிப் பிடித்து இந்த 110 வாங்கினேன். நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பழையதைத் திருப்பிக் கேட்க மாட்டேன், கவலைப்படாதே. அந்த வீட்டில் தவழ்கிற தம்பி ஒருவன் இருக்கிறான், அடுத்து அவனுக்குப் போகும். உன் அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. பூஜாவை அதே பழைய ஜாக்கெட்டோடு படியில் உட்காரச் சொல்லிவைக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சம் இந்தி கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மார்கழிக்கு 116. மறக்க மாட்டேன்.